கால அட்டவணை இல்லாத மூன்று நாள்

நம் ஹனூர்ப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்குச் சென்று வருவது புதிதன்று. ஆனால் சென்று எதைக் கண்டு வருகிறோம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூத்த மாமன் வீட்டில் ஒரு நாள். இளைய அத்தை வீட்டில் ஒரு நாள். குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல். இடையே ஒரு திருமணமோ காதணி விழாவோ. எஞ்சிய பொழுதெல்லாம் பேருந்தின் சன்னலோரம். குழந்தைகளைக் கேட்டால் தமிழ்நாடு என்பது பெரியவர்கள் காலில் விழுவதும், "எத்தனையாவது படிக்கிறாய்?" என்ற கேள்விக்கு விடை சொல்வதுமே என்பார்கள். அவர்கள் தமிழ் வழங்கும் ஓர் ஊரின் தெருவில் காரியம் ஒன்றுமில்லாமல் நடந்ததே இல்லை.

இக்குறையை எண்ணியே, சென்ற தசரா விடுமுறையில் நாமும் நம் இல்லாளும் மக்கள் இருவரும், உறவினர் ஒருவரும் இல்லாத ஒரு கடற்கரைப் பட்டினத்துக்கு மூன்று நாள் போய் வருவதென்று முடிவு செய்தோம். இன்ன நேரத்தில் இன்ன இடம் என்ற குறிப்பு எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ரயில்வேயில் எழுத்தராக வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிய செயலன்று. வருகை, புறப்பாடு, தாமதம் என்னும் மூன்று சொற்களுக்குள் நம் வாழ்நாள் கழிகிறது. கடிகாரத்தைப் பாராமல் காப்பி அருந்தும் பழக்கமும் நமக்கு இல்லை.

தெரிந்தெடுத்த ஊர் தூத்துக்குடி. காரணம் மிக எளியது. மைசூரிலிருந்து தூத்துக்குடிக்கு நேர்வண்டி இருக்கிறது. மாலையில் மைசூரை விட்டுப் புறப்படும் அவ்வண்டி மண்டியா, பெங்களூர், ஒசூர், தருமபுரி, சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாக மறுநாள் முற்பகலில் கடலோரம் சேர்கிறது. மாதேசுவரன் மலை, பாலாறு, மேட்டூர் வழியே சேலம் சென்று அதே வண்டியைப் பிடிப்பது நம் ஊராருக்குத் தூரம் குறைவு என்று சிலர் கூறுவர். தூரம் குறைவுதான், ஆனால் நள்ளிரவு கடந்த வேளையில் உறங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடைமேடையில் நிற்பதை நாம் ஒருவருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். மைசூரிலோ மண்டியாவிலோ ஏறிப் படுத்துவிடுவதே நன்று.

முன்கூட்டி உறுதி செய்தவை இரண்டே. ஒன்று, போக வர இரண்டு வழிக்கும் பயணச்சீட்டு. மற்றொன்று, பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே ஓர் எளிய விடுதியில் அறை. நம் இல்லாள் இதன்மேல் ஒரு நிபந்தனையும் விதித்தார். "திட்டம் இல்லை என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள். எட்டு மணிக்குப் பசி வந்தால் பிள்ளைகள் உங்களைக் கேட்பதில்லை, என்னைத்தான் கேட்பார்கள். ஆகவே மூன்று நாளும் சாப்பாட்டுப் பொறுப்பு உங்களுடையது." இதைப் படிக்கும் ஆடவர்கள் கவனிக்க வேண்டும். திட்டமற்ற பயணம் என்பது பல வீடுகளில் கணவனுக்கு ஓய்வாகவும் மனைவிக்கு இரட்டை வேலையாகவும் முடிகிறது. பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டோம். உணவு கிடைப்பதில் அவ்வூரில் ஒரு தொல்லையும் இல்லை என்பதால் நமக்குப் பெருமை ஒன்றும் சேரவில்லை.

வண்டி வாஞ்சி மணியாச்சியைத் தாண்டியதும் நிலம் மாறுகிறது. கரிசலும் உடைமரமும் பனையும் விரிந்த வானத்தின் கீழ் நிற்கின்றன. அங்கே தட்டப்பாறை என்னும் சிறு நிலையம் ஒன்று வரும். எவரும் அதைக் கவனிப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழரைத் தங்கவைத்து நோய்ச் சோதனை செய்த முகாம் அங்கேதான் இருந்தது. பின்னர் அது மண்டபத்துக்குப் போயிற்று. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் இருப்புப்பாதை திறந்தது முதல், 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரையில், சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, இங்கிருந்தே கப்பல் ஏறினர். போட் மெயில் என்று நம் முன்னோர் கூறியது முதலில் இவ்வழியையே. பிழைப்புத் தேடி ஊர் விட்டுப் போன எத்தனை குடும்பங்களின் கடைசித் தமிழ் மண் இந்தத் தட்டப்பாறையோ! நம் குடும்பங்கள் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் திரும்புகிற தொலைவில் இருக்கின்றன. அவர்களுக்கு அது வாய்க்கவில்லை. நாம் இதைச் சொன்னபோது நம் மகள் சன்னல் வழியே அந்நிலையத்தின் பெயர்ப் பலகையை எட்டிப் பார்த்தாள். "தட்-டப்-பா-றை" என்று கூட்டிப் படித்தாள்.

அவள் தமிழ் படித்தது அப்போதுதான் நம் காதில் விழுந்தது. அதைப்பற்றிப் பின்னர் கூறுவோம்.

முற்பகல் வெயிலில் இறங்கினோம். தூத்துக்குடியின் வெயில் ஹனூர் வெயில் அன்று. நம் ஊரில் மலையும் மரமும் வெயிலை வடிகட்டித் தருகின்றன. அங்கே கடலும் உப்பளமும் வெள்ளைச் சுவரும் அதை மூன்று மடங்காக்கித் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே முதற் செயலாக அறைக்குச் சென்று உறங்கினோம். ஊர் பார்க்க வந்தவர் நண்பகலில் உறங்குவதா என்று சிலர் நகைக்கக்கூடும். ஸ்பெயின் நாட்டின் தென்கடற்கரைப் பட்டினங்களில் நண்பகல் வெயிலுக்குக் கடையடைத்து ஓய்வெடுப்பதும், மாலை சாய்ந்தபின் குடும்பத்தோடு தெருவில் உலாவுவதும் நெடுநாள் வழக்கம்; அந்த உலாவுக்குப் பசேயோ என்று பெயரே வைத்திருக்கின்றனர். எங்கும் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் இல்லாத நடை அது. அந்நாட்டுக்குப் பணம் செலவழித்துப் போகிறவர்கள் இதைப் புகழ்ந்து பேசுகின்றனர். நம் திண்ணைகளும் தெருக்கோடிகளும் இதையே செய்து வந்தன என்பதை மறந்துவிட்டோம்.

ஸ்பெயினுக்கும் தூத்துக்குடிக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. முத்துக் குளிக்கும் துறைக்கு 1542-இல் வந்து சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார் இன்றைய ஸ்பெயினைச் சேர்ந்த நவார் நாட்டில் பிறந்தவர். மேலும், 1580 முதல் 1640 வரை போர்த்துகல் நாடு ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஆகவே அந்த 60 ஆண்டுகளில் இக்கடற்கரையில் வணிகம் செய்த போர்த்துகீசியர்களும் அவ்வரசரின் குடிகளே. 1658-இல் டச்சுக்காரர் அவர்களை விரட்டினர்; டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு ஊர் முடிவாகச் சேர்ந்தது 1825-இல். இத்தனை பேரும் வந்தது முத்துக்காக. அம்முத்துக் குளிப்பு 1961-க்குப் பிறகு நடைபெறவில்லை. சிப்பிப் படுகைகள் வறண்டுவிட்டன. முத்துநகர் என்ற பெயர் மட்டும் ரயிலிலும் கடைப் பலகையிலும் நிற்கிறது. சங்கு குளிப்பது இன்றும் உண்டு. அச்சங்குகள் வங்காளப் பெண்களின் கைவளையாவதற்கு வடக்கே போகின்றன.

மாலை ஐந்து மணி அளவில் புறப்பட்டோம். எந்தத் திசை என்று மகனைக் கேட்டோம். "காற்று வரும் பக்கம்" என்றான். காற்று வரும் பக்கம் நடந்தால் கடல் வரும் என்பது எட்டு வயதுச் சிறுவனின் கணக்கு. அன்று காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. அவன் காட்டிய வழியே போனால் கடலுக்கு முதுகைக் காட்டி நடப்போம். ஆனாலும் மறுக்கவில்லை. இரண்டு தெரு போனதும் ஒரு தேநீர்க் கடை வந்தது. கடைக்காரர் நம் பேச்சைக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, கோயமுத்தூர்ப் பக்கமா?" என்றார். "கர்நாடகம்" என்றோம். அவர் நம்பவில்லை. "ங்க போட்டுப் பேசுறீங்க, கர்நாடகம்ங்கறீங்களே!" என்று சிரித்தார்.

அவர் கேட்டதில் பிழையில்லை. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிக்கப்படும் வரையில், ஹனூரை உள்ளடக்கிய கொள்ளேகால் தாலுகா சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதன்பின் மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராசநகர் மாவட்டம். நம்மில் சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் குடிபெயர்ந்து வந்தோர் பலர் உண்டு. வேறு சில குடும்பங்களோ இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு மட்டும் அவர்களைத் தாண்டிப் போயிற்று. இவற்றையெல்லாம் அந்தத் தேநீர்க் கடையில் நின்று சொன்னோம். கடைக்காரர் கேட்டுவிட்டு, கடற்கரைக்கு எதிர்த் திசையில் வந்துவிட்டோம் என்பதையும் எடுத்துரைத்தார். கேட்டவுடன் நம் மகன் காற்றின்மேல் கோபம் கொண்டான். மேற்கிலிருந்து வரும் காற்றைக் கச்சான் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் அவர் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். கைப்பேசியில் வழிகாட்டும் படத்தைத் திறந்திருந்தால் பத்து நிமிடத்தில் கடலை அடைந்திருப்போம். கச்சானைக் கேட்டிருக்க மாட்டோம்.

திரும்பி நடந்து கடற்கரைச் சாலையை அடைவதற்குள் விளக்கு வைத்துவிட்டார்கள். வழியெல்லாம் பெயர்ப் பலகைகள். உப்பு வியாபாரம், வலைக் கடை, கருவாட்டு மண்டி, சங்குப் பொருள், கப்பல் முகவர். நம் மகள் ஒவ்வொன்றாய்க் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு வயது பதினொன்று. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள். எழுத்து மட்டும் வேண்டாம் என்பாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினால் தலைவலி என்பாள். நம் அன்பர்கள் பலர் வீட்டிலும் இத்தலைவலி உண்டென்று அறிவோம். வகுப்பில் கரும்பலகையில் எழுதிய சொல்லை அவள் படிக்க மறுத்தது, அது எதற்கும் உதவாத சொல் என்று கருதியதால் இருக்கலாம். இங்கே பலகையைப் படித்தால்தான் எந்தக் கடையில் என்ன விற்கிறது என்று தம்பிக்குச் சொல்ல முடியும். தம்பிக்கு எழுத்தே தெரியாது. அக்காளுக்கு அரசபதவி கிடைத்தது போலாயிற்று.

திடீரென்று நின்றாள். "அப்பா, உப்பு கன்னடத்திலும் உப்புதானே?" என்றாள். ஆம் என்றோம். அதன்பின் ஒரு விளையாட்டுத் தொடங்கிற்று. மீன், மீனு. கடல், கடலு. முத்து, முத்து. தோணி, தோணி. அலை, அலெ. வலைக்குப் பலெ என்று கண்டவுடன், "வ வந்தால் அங்கே ப" என்று அவளே விதி சொன்னாள். வா என்பதற்குப் பா என்பதையும், வாழைக்குப் பாளெ என்பதையும் சேர்த்துக்கொண்டாள். காவிரியையும் ஒகேனக்கலையும் தவிரப் பெரிய நீரைப் பார்த்திராத குழந்தைகள் அவை. கடலுக்கும் அதில் உள்ளவற்றுக்கும் வேண்டிய சொற்களெல்லாம் இரண்டு மொழியிலும் தம் வாயில் ஏற்கெனவே இருந்தன என்று அறிந்து அவர்கள் அடைந்த வியப்பு சிறிதன்று. துறைமுகம் மட்டும் ஒத்து வரவில்லை, அங்கே பந்தரு. அதற்காக ஒரு புள்ளி குறைத்துக்கொண்டார்கள்.

கடற்கரையை அடைந்தபோது இருட்டிவிட்டது. கடலைக் காணவில்லை, கேட்டோம். மன்னார் வளைகுடா அமைதியானது. சென்னைக் கடற்கரையைப் போல இரைச்சலிட்டு வருவதில்லை. கரையில் வந்து மெல்லத் தட்டுகிறது. மகனுக்கு இது ஏமாற்றமாயிருந்தது.

இனி ஒரு செய்தியை வற்புறுத்திக் கூற வேண்டும். குறிப்பின்றிச் செல்வது என்றால் நேரமின்றிச் செல்வது என்று பொருள் கொள்ளலாகாது. நம் நேரத்தைக் கழற்றி வைத்தால், அவ்வூரின் நேரம் தானே தெரியத் தொடங்கும். தூத்துக்குடிக்குத் திட்டமான ஓர் அட்டவணை உண்டு. விசைப்படகுகள் காலை ஐந்து மணிக்கு மீன்பிடித் துறைமுகத்தை விட்டுப் போகின்றன. இரவு ஒன்பது மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது அங்குள்ள விதி. ஆகவே மீன் ஏலத்தைப் பார்க்க விரும்புகிறவர் விடியலில் போய்ப் பயனில்லை. இரவில் போக வேண்டும். இது எவரும் நமக்கு எழுதிக் கொடுத்ததன்று. உணவு விடுதியில் பரோட்டா தின்றுகொண்டிருந்தபோது, பனிக்கட்டி ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போவதைக் கண்டு ஏன் என்று கேட்டதால் தெரிந்தது.

போனோம். நாம் கண்ட அளவில் அதற்கு ஒப்பான ஆரவாரம் பண்டிகைக் காலச் சரக்கு நிலையத்திலும் இல்லை. படகு அணைந்ததும் கூடை கூடையாக மீன் இறங்குகிறது. சீலா, பாறை, விளைமீன், ஊளி, சூரை, நண்டு. குவித்த குவியலைச் சுற்றி வட்டமாக நிற்கிறார்கள். ஏலம் கூறுபவர் மூச்சு விடாமல் எண்களை அடுக்குகிறார். வாங்குபவர் கண்ணிமையோ விரலோ அசைத்தால் விலை ஏறிவிடுகிறது. நம் இல்லாள் குழந்தையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கியதற்கு ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஒரு கூடைச் சீலா நம் தலையில் விழாமல் தப்பியது. பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த முதியவர், "தள்ளி நில்லுங்க தாயி, வழுக்கும்" என்று சொல்லிவிட்டு, குழந்தைகளுக்கு ஒவ்வொரு மீனாகப் பெயர் சொன்னார். பத்து மணிக்கு மேல் குழந்தைகளை விழித்திருக்க விடுவது நம் வீட்டு வழக்கமில்லை. அன்று விட்டோம்.

கோடை விடுமுறையில் போகிறவர்கள் இக்காட்சியைக் காண முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனம் பெருக்கும் பொருட்டுக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. வெயிலும் அப்போது பொறுக்க இயலாதது. கர்நாடகப் பள்ளிகளின் தசரா விடுமுறையே நமக்கு ஏற்ற காலம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் திரும்பிவிடலாம். மழை குறைந்த ஊர் என்று நம்பி எந்த மாதமும் போகலாம் என எண்ணுதல் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணையே வெள்ளம் அரித்துப் போன படங்களைப் பார்த்து ரயில்வேயில் பணி செய்யும் எவரும் எளிதில் உறங்கியிருக்க முடியாது.

இரண்டாம் நாள் உப்பளம். ஆட்டோ ஓட்டுபவரிடம், "எங்கே வெள்ளையாகத் தெரிகிறதோ அங்கே போங்கள்" என்று மகள் சொன்னாள். அவரும் திருச்செந்தூர் சாலையில் கொண்டுபோய் நிறுத்தினார். குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்நாட்டில் உப்பு மிகுதியாய் விளைவது தமிழ்நாட்டில். அதிற் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தில். நிலத்தடி உவர்நீரை இறைத்து ஒரு பாத்தியிலிருந்து மறு பாத்திக்கு விட்டுக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் வெயில் சிறிது நீரைக் குடிக்கிறது. கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கிறது. நெல்லுக்கு மழை வேண்டும். இப்பயிருக்கு மழை பகை. நாம் போனது பருவத்தின் இறுதி. வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து, மழைக்கு முன் மூடிவைத்துக்கொண்டிருந்தார்கள்.

வரப்பில் நின்று பார்த்தால் அழகிய காட்சிதான். அதன் நடுவே ஒரு பெண் தலையில் கூடையோடு வந்தார். வெறுங்கால். பாதம் முழுதும் வெடிப்பு. விடியுமுன் வேலையைத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்களாம். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கெடுத்துவிடும் என்றார். மழை மாதங்களில் வேலையே இல்லை. அக்காலத்துக்கென்று தமிழ்நாடு அரசு 2022-ஆம் ஆண்டு முதல் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ.5,000 வழங்கத் தொடங்கியது. "ஏதோ ஒரு பிடிமானம்" என்றார் அவர். நம் குழந்தைகள் படம் எடுக்கத் தூக்கிய கைப்பேசியை நம் இல்லாள் வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் மகளின் உள்ளங்கையில் ஒரு பிடி பரல் உப்பை வைத்து, "ஊருக்குக் கொண்டு போ" என்றார். அதை முடிந்துகொண்டு வந்தோம். இன்னும் அடுக்களையில் இருக்கிறது. சமையலுக்கு எடுக்க மகள் விடுவதில்லை.

அங்கிருந்து திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. இத்தனை தூரம் வந்துவிட்டு முருகனைக் காணாமல் திரும்புவதா என்று ஊரில் கேட்பார்கள் என்பதை அறிவோம். கேட்டார்கள். பக்தியில் நாம் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லோம். ஆனால் திருச்செந்தூரை ஒப்புக்கொண்டால் அதன் பின்னாலேயே நவதிருப்பதி வரும், எட்டயபுரம் வரும், கன்னியாகுமரி வரும். மூன்று நாளும் மீண்டும் பேருந்துச் சன்னலாகிவிடும். அதற்கென்று தனியே விரதமிருந்து ஒருமுறை போவோம். நம் தாயாருக்கு மட்டும் இவ்விடை இன்னும் திருப்தியளிக்கவில்லை.

மாலையில் கால் போன போக்கில் நடந்து பனிமய மாதா பேராலயத்தின் முன் வந்து நின்றோம். இன்றுள்ள கோயில் 1713-இல் எழுந்தது. 1982-இல் பேராலயம் என்ற தகுதியைப் பெற்றது. மாதாவின் திருவுருவம் மணிலாவிலிருந்து கடல் வழியாக வந்தது என்பது மரபு. ஆகஸ்டு 5-ஆம் நாள் முடியும் பெருவிழாவில் எல்லா மதத்தாரும் கூடுவர் என்றும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பொற்றேர் ஓடும் என்றும் வாயிலில் பூ விற்றவர் கூறினார்; 2023-இல் ஓடியதைத் தாமும் வடம் பிடித்ததாகச் சொன்னார். அங்கே பூவும் சரமும், நெற்றியில் குங்குமத்தோடு வந்து மெழுகுவத்தி ஏற்றும் பெண்களும், நம் மாதேசுவரன் மலை அடிவாரத்தையே நினைவூட்டின.

மூன்றாம் நாள் பெரும்பகுதியும் பழைய துறைமுகப் பக்கமே கழிந்தது. பெரிய கப்பல்கள் நிற்பது 1974-இல் திறந்த புதுத் துறைமுகத்தில். அதற்கு வ. உ. சிதம்பரனார் பெயரை 2011-இல் சூட்டினார்கள். பழைய துறைமுகத்தில் மரத் தோணிகள் நிற்கின்றன. மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிச் செல்லும் தோணிகள் அவை. வெங்காய மூட்டையை ஏற்றியவாறே, "இதில் உங்கள் மைசூர்ப் பக்கத்துச் சரக்கும் உண்டு" என்றார் ஒரு தொழிலாளி. மகன் தன் ஊர் வெங்காயம் கடல் கடப்பதை நம்ப மறுத்து மூட்டையைத் தடவிப் பார்த்தான்.

இத்துறையிலிருந்துதான் 1907-இல் சுதேசிக் கப்பல்கள் காலியாவும் லாவோவும் கொழும்புக்கு ஓடின. வ. உ. சி. அவர்களைப் பற்றிப் பாடப்புத்தகம் செக்கிழுத்ததைச் சொல்கிறது. கட்டணச் சீட்டு எழுதும் நம் போன்றோருக்கு மற்றொரு பகுதியே நெஞ்சைத் தொடுகிறது. அவர் 1906-இல் கம்பெனியைத் தொடங்கியதும், எதிரே இருந்த ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, இறுதியில் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. இலவசத்துக்கு எதிரே காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய மக்கள் இந்த ஊரில் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. 1908-இல் அவர் சிறைப்பட்டார். 1912-இல் வெளிவந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை. 1936 நவம்பர் 18-இல் இதே தூத்துக்குடியில் காலமானார். கொழும்புக்குப் பயணிகள் கப்பல் 2011 ஜூன் மாதம் மீண்டும் ஒன்று தொடங்கி, அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுவிட்டது.

இத்தகைய பயணம் எல்லாருக்கும் ஏற்றது என்று நாம் கூறவில்லை. முழங்கால் வலியுள்ள பெரியோர்களையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு திசையறியாமல் நடப்பது கொடுமை. செலவும் உறவினர் வீட்டில் தங்குவதைவிடக் கூடுதலே. நம் சம்பளத்தில் மூன்று இரவு அறை வாடகை கட்டுவதற்கு ஆறு மாதம் சிறுகச் சேர்த்தோம். உறவினர் மனத்தாங்கல் என்னும் கணக்கு வேறு. "எங்கள் ஊரைத் தாண்டித்தானே வண்டி போயிற்று?" என்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. விடை சொல்ல நம் இல்லாளிடமே கொடுத்துவிட்டோம்.

நம் மகள் இப்போது ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகிறாள். தலைவலி முற்றும் தீர்ந்தது என்று சொல்வதற்கில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. ஆனால் ஹனூர்க் கடைத்தெருவில் தமிழ்ப் பலகை ஏதேனும் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு நடக்கிறாள். மாத இதழ் வந்தால் படங்களின் கீழுள்ள எழுத்தைக் கூட்டுகிறாள். இப்பகுதியையும் அவள் படிப்பாள் என்பதால் தலைவலியைப் பற்றி இதற்குமேல் எழுத அஞ்சுகிறோம்.

போக விரும்பும் அன்பர்களுக்குத் தொழில் முறையில் ஒரு குறிப்பு. 2024 நவம்பர் முதல், முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது. முன்பு 120 நாளாக இருந்தது. ஆகவே தசராப் பயணத்துக்கு ஆடி, ஆவணியிலேயே சீட்டு எடுத்துவிடுங்கள். திரும்பும் சீட்டையும் அன்றே எடுத்துக்கொள்வது நல்லது. திரும்பும் வண்டி தூத்துக்குடியை விட்டு மாலையில் புறப்படுகிறது. அதற்கு முன் மக்ரூன் வாங்க நேரம் இருக்கும். முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் முந்திரியும் சேர்த்துக் கூம்பு வடிவில் சுட்ட பண்டம் அது. போர்த்துகீசியர் விட்டுச் சென்ற பழக்கம் என்பர். காற்றுப் புகாத டப்பாவில் வாங்க வேண்டும்; இல்லையேல் நமுத்துவிடும். ஹனூர் வரை கொண்டு வந்து அக்கம்பக்கத்தார்க்குக் கொடுக்க எண்ணுகிறவர்கள் இரண்டு டப்பா வாங்குக. நாம் வாங்கிய ஒன்று மதுரைக்கு முன்பே காலியாயிற்று.